650 சொல் ஆளுமை

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் என்பவர், 17 வயதுக்குள் ஒரு தோல்வியையும், அதிலிருந்து மீண்டெழுந்த வரலாற்றையும், குறைந்தது ஒரு பாட்டியையும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டியவர். பாட்டி உயிரோடு இருந்தால் அவரிடம் சமையல் கற்றிருக்க வேண்டும். காலமாகியிருந்தால் கடைசி நாட்களில் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மதிப்பெண், எஸ்.ஏ.டி. தேர்வு எல்லாம் இவருக்கும் உண்டு. ஆனால் பெயர்பெற்ற கல்லூரிகளின் வாசலில் இருக்கிற இடத்தைப்போலப் பல மடங்கு நல்ல மதிப்பெண்காரர்கள் நிற்பதால், ‘நீ யார்?’ என்று கேட்டு வடிகட்டுகிறார்கள்.

அப்படிக் கேட்கும் பொதுப் படிவத்தின் பெயர் ‘காமன் அப்ளிகேஷன்’. 1975-இல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய இதை இன்று 1,000-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. பதிலாக எழுதும் கட்டுரை 250 சொல்லுக்குக் குறையக் கூடாது, 650-ஐத் தாண்டக் கூடாது. தலைப்புகள் ஏழு. ‘விருப்பப்படி எதையும் எழுதலாம்’ என்பது ஏழாவது. வீட்டில் அதிகச் சண்டை மூட்டுவது இதுதான்.

இந்த வகையினரின் நடை உடை பாவனை ஒன்பதாம் வகுப்பிலேயே மாறத் தொடங்கும். நடப்பதெல்லாம் கட்டுரைக்கு ஆகுமா ஆகாதா என்று தரம் பிரிக்கப்படும். கால்பந்துக் குழுவில் இடம் கிடைக்காமல் அழுதுகொண்டு வரும் பிள்ளையை, கட்டுரைக்கு ஒன்று ஆயிற்று என்று சொல்லித் தேற்றும் தாய்மார் உண்டு. விளையாட்டில் எலும்பு முறிந்த கதையும், கோடை விடுமுறையில் ஏழை நாட்டுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்த கதையும் சேர்க்கை அதிகாரிகளுக்குப் புளித்துவிட்டன என்று ஆலோசகர்கள் எச்சரிப்பதால், சின்னஞ்சிறு பொருள்களின் பக்கம் கவனம் திரும்பியிருக்கிறது: ஒற்றைக் காலுறை, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம், பழைய பஸ் டிக்கெட். பெரிய துர்ப்பாக்கியசாலி, சண்டை சச்சரவில்லாத வீட்டில் நோய்நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளைதான். எழுத ஒன்றுமே இருக்காது. ஒரு குறையும் வைக்காமல் வளர்த்ததை நினைத்துப் பெற்றோர் மனம் வருந்துவார்கள்.

விண்ணப்பதாரரோடு ஒட்டி வாழும் உயிரினம் கட்டண ஆலோசகர். முதல் வரைவைப் படித்துவிட்டு, ‘இதில் உன் குரல் கேட்கவில்லை’ என்பார். ஐந்தாம் வரைவில் அந்தக் குரலை அவரே எழுதிக் கொடுத்துவிடுவார். முதல் வரைவு பெரும்பாலும் ஆயிரம் சொல்லைத் தாண்டியிருக்கும். 650-க்கு இறக்கும்போது முதலில் கழிபவை உண்மையாக நடந்தவை.

பொதுக் கட்டுரை முடிந்தால் தனிக் கேள்விகள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், வரப்போகும் அறைத் தோழருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்கிறது. அம்மா, அப்பா, ஆங்கில ஆசிரியர், ஆலோசகர், சேர்க்கை அதிகாரி என எல்லாரும் அதைப் படிக்கிறார்கள், அறைத் தோழரைத் தவிர. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேள்விகள் இன்னும் புகழ்பெற்றவை. ‘எக்ஸைக் கண்டுபிடி’ என்று ஒரு முறை கேட்டார்கள், அவ்வளவுதான் கேள்வி. புதன்கிழமையைப் பற்றி என்ன தோன்றுகிறது என்றும் கேட்டிருக்கிறார்கள். தமிழ் மாணவராக இருந்து பாட்டியும் பக்கத்தில் இருந்தால், பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். மற்றவர்கள் பக்கக் கணக்கில் எழுத வேண்டும்.

சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும் கேள்விக்கு நீண்ட, அவ்வளவு வேடிக்கையில்லாத பூர்வீகம் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டில் சேர நுழைவுத் தேர்வில் தேறினால் பெரும்பாலும் போதும். அப்படித் தேறி வந்த யூத மாணவர்கள் 1922 வாக்கில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினார்கள். தலைவர் லாரன்ஸ் லோவெல் அதற்கு வரம்பு கட்ட விரும்பினார். அந்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தில் புதிய கேள்விகள் முளைத்தன: மதம் எது, தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர் என்ன, தந்தை பிறந்த ஊர் எது, பிறந்தபின் தன் பெயரிலோ தந்தையின் பெயரிலோ மாற்றம் செய்யப்பட்டதா, செய்திருந்தால் முழுமையாக விளக்குக. படிப்புக்குத்தான் இவை சம்பந்தமில்லாதவை. கேட்டவர்களின் நோக்கத்துக்கு மிகப் பொருத்தமானவை. மதிப்பெண்ணில் சிக்காத ‘குணம்’ என்ற ஒன்றும் அளவுகோலாக உள்ளே வந்தது அந்தக் காலத்தில்தான். அந்தரங்கக் கேள்வியே கூடாது என்பவர்கள் இந்தப் படிவத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள், நியாயமாகவே.

சில கேள்விகள் பின்னர் வெளியேறின. குற்றப் பின்னணி உண்டா என்ற கேள்வியைப் பொதுப் படிவம் 2019-இல் கைவிட்டது. அதைப் பார்த்தே விண்ணப்பத்தைப் பாதியில் விட்டவர்கள் இருந்தார்கள். சில கேள்விகள் சுற்றிவளைத்துத் திரும்பின. 2023 ஜூனில், இனத்தைக் கணக்கில் கொண்டு இடம் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு வழக்கில் தீர்ப்பளித்தது. இனம் தன் வாழ்க்கையைப் பாதித்த விதத்தை மாணவர் எழுதினால் அதைக் கருதத் தடையில்லை என்றும் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் குறிப்பிட்டார். சாரா லாரன்ஸ் கல்லூரி தீர்ப்பின் அந்தப் பகுதியையே மேற்கோள் காட்டிக் கட்டுரைக் கேள்வி ஆக்கிக்கொண்டது.

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் 2007 முதல் நுழைவுத் தேர்வும் இல்லை, ஆளுமைக் கட்டுரையும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். இங்கே பள்ளி மாற்றுச் சான்றிதழ் கேட்கும் மிக அந்தரங்கமான செய்தி அங்க அடையாளம். வலது முழங்காலில் ஒரு தழும்பு என்று எழுதினால் போதும். எப்படி விழுந்தாய், அந்த விழுகை உனக்கு என்ன கற்றுத் தந்தது என்று யாரும் கேட்பதில்லை. தழும்புக்குப் பயிற்சி வகுப்பும் கிடையாது. எதைக் கேட்டால் பதிலை விலைக்கு வாங்க முடியாதோ அதைக் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டால், அமெரிக்கப் படிவத்தில் மிஞ்சுவது பெயரும் முகவரியுமாக இருக்கும். ஆலோசகரின் கை போதாதென்று செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டபின், டியூக் பல்கலைக்கழகம் 2024-இல் கட்டுரைக்கு எண் மதிப்பீடு போடுவதை நிறுத்தியது. படிப்பதை நிறுத்தவில்லை. ஆகவே எழுதுவதும் நிற்கவில்லை.

இடம் கிடைத்ததும் விண்ணப்பதாரர் கட்டுரையை மறந்துவிடுவார். காலுறை குப்பைக்குப் போகும். சிகாகோவில் மட்டும் கதை அதோடு முடிவதில்லை: அடுத்த ஆண்டுக்கு என்ன கேட்கலாம் என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடமே யோசனை கேட்கிறார்கள். ஒரு கேள்விக்கு விடை தேடி மூன்று மாதம் தூக்கம் கெட்டவர், இதற்கு ஆலோசகரை நாடமாட்டார். அன்று மாலையே நான்கு கேள்விகள் அனுப்பிவிடுவார்.