உழவு கேட்காத உளுந்து

கே: சம்பா அறுத்ததும் வயலுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்கிறேன். உளுந்து தெளிக்கச் சொல்கிறார் மாமனார். யார் சொல்வது சரி? (மன்னார்குடி)

ப: மாமனார்தான். ஆனால் அறுத்த பிறகு அல்ல, அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே. மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே தெளித்துவிடுங்கள். உழவில்லை, பாசனமில்லை, மிச்ச ஈரத்திலும் பனியிலும் 70 நாள் சொச்சத்தில் விளைந்துவிடும். இதையே ஓய்வென்று சொல்லிக்கொள்ளுங்கள்.

கே: யூரியா மூட்டை 266 ரூபாய் சொச்சம்தானே? அதை மிச்சம் பிடித்து என்ன லாபம்? (திருத்துறைப்பூண்டி)

ப: மானியம் விலையைத்தான் இறக்கியது. 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து. அதைத் தயாரிக்க எரிவாயு வேண்டும். வேளாண் ஆற்றல் கணக்கில் கிலோ தழைச்சத்துக்கு 60.6 மெகாஜூல், லிட்டர் டீசலுக்கு 56.31. பெருக்கி வகுத்தால், மூட்டை தூக்குகிறவர் தலையில் இருப்பது 22 லிட்டர் டீசல்!

கே: உளுந்துக்கு மட்டும் இலவச உரம் தருவது யார்? (குடவாசல்)

ப: வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம். இலவசமும் இல்லை, செடி சர்க்கரையாகக் கூலி கொடுக்கிறது. முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது, வெளுத்திருந்தால் வேலைநிறுத்தம்.

கே: அப்படியானால் அடுத்து வரும் குறுவை நெல்லுக்கு யூரியாவே வேண்டாமா? (பாபநாசம்)

ப: பேராசை! பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கு பருப்பில் ஏறிச் சந்தைக்குப் போய்விடும். செடியை வேரோடு பிடுங்கினால் மிச்சமும் களத்துக்குப் போகும். அடியை ஒட்டி அறுத்து வேரை மண்ணில் விடுங்கள்; யூரியாவைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்த முடியாது.

கே: வயலில் புகையே இல்லை. கார்பன் தடம் என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? (வலங்கைமான்)

ப: தேங்கிய தண்ணீருக்கடியில் மீத்தேன், போட்ட யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு. பின்னது, 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும். தெளித்த உளுந்தில் தேக்கமும் இல்லை, யூரியா மூட்டையும் இல்லை. ஆனால் நெல் விட்ட மீத்தேனை உளுந்து திருப்பி வாங்காது. அதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவதே வழி.

கே: காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். காசு? (நன்னிலம்)

ப: 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு உளுந்து 7,800 ரூபாய், சாதாரண நெல் 2,369. மூன்று மடங்குக்கு மேல்! ஆனால் விளைய வேண்டுமே. ஈரம் காய்ந்தபின் தெளித்தாலும், வெள்ளை ஈ மஞ்சள் தேமலைக் கொண்டுவந்தாலும், அறுவடை வண்டி முளையை நசுக்கினாலும் காசும் போச்சு, கார்பன் பெருமையும் போச்சு. கார்பனை ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் அப்போதும் சிக்கனம்தான். விளைந்த கிலோவுக்குப் பார்த்தால் ஊதாரித்தனம்.

கே: ஒரே வரியில் ஆலோசனை? (நீடாமங்கலம்)

ப: தெளிக்க ஜோசியரிடம் நாள் கேட்குமுன், அறுவடை வண்டிக்காரரிடம் தேதி கேளுங்கள்.