மயிரும் மடையும்: குளியலறை வடிகால் அடைப்பு குறித்த ஓர் ஆய்வு

குளியலறை வடிகால் அடைப்பு என்பது, குளித்து முடித்தவரின் கணுக்காலை விட்டுத் தண்ணீர் பிரிய மறுக்கும் நிலை. தரையின் வாட்டம் சரியாக இருந்தும் ஊற்றிய தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்கினால், அடைப்பு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். வீட்டார் அப்படிக் கொள்வதில்லை. அடுத்துக் குளிக்க வருபவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் கருதுவதால், சோப்புப் பெட்டி மிதக்கத் தொடங்கும்வரை நோய் அறிவிக்கப்படுவதே இல்லை.

இப்பொருள் குறித்த பழஞ்சான்றுகள் திருக்குறளில் இரண்டு இடங்களில் உள்ளன. அவையறிதல் அதிகாரத்தின் 720ஆம் குறள் அங்கணத்தில், அதாவது கழிவுநீர் முற்றத்தில், கொட்டிய அமிழ்தத்தைப் பேசுகிறது. மானம் அதிகாரத்தின் 964ஆம் குறள் தலையிலிருந்து விழுந்த மயிரைப் பேசுகிறது. விழுந்த மயிர் போய்ச் சேரும் இடம் அங்கணமே என்று இணைத்துக் காட்ட இடையில் 243 குறள்கள் இருந்தும், வள்ளுவர் அதைப் பிற்காலத்தாருக்கு விட்டுவிட்டார்.

நல்ல நிலையிலுள்ள தலையிலிருந்தே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்பது தோல் மருத்துவர்களின் கணக்கு. சீப்பில் சிக்குவதைச் சேர்த்து வைத்தால் விலைக்கு வாங்கிக்கொள்ளத் தெருவில் ஆள் வருகிறார். வடிகாலுக்குள் போனதைக் கேட்க எவரும் வருவதில்லை. ஆனால் முடி தனியாக நின்று குழாயை அடைப்பது அரிது. போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைக் கசடாகின்றன. முடி கம்பியாகவும் கசடு கலவையாகவும் அமைய, குழாய்க்குள் ஒரு சிறு காங்கிரீட் தளம் எழும்புகிறது. ஆகவே, நீளக் கூந்தல் உள்ளவரையே குற்றவாளியாக்கும் குடும்ப வழக்கம் ஆய்வில் நிற்பதில்லை. வழுக்கைத் தலையரும் சோப்புப் போடுகிறார்.

எண்ணெய்க் குளியலுக்குத் தனிப் பங்கு உண்டு. நல்லெண்ணெய் கசடை ஒட்டவைக்கிறது. அரைகுறையாக அரைத்த சீயக்காய்த்தூள் அதன்மேல் படிகிறது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்ற முறை பிசகாத வீட்டில் வடிகாலுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் ஓய்வு.

அடைப்பு பெரும்பாலும் நிகழும் இடம், கொத்தனாரும் பிளம்பரும் நானி ட்ராப் என்று சொல்லும் தரைப் பொறி. வலைமூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். அதைச் சுற்றி எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் மேலே வரவிடாமல் தடுக்கிறது. தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று கிண்ணத்தைக் கழற்றிப் பரணில் போடும் வீடுகள் பல. அவ்வீடுகளில் தண்ணீர் வேகமாகப் போகிறது. கரப்பான் வேகமாக வருகிறது. கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிப் போனவர் திரும்பியதும் உணரும் நாற்றமும் இந்தத் தண்ணீர் வற்றியதன் விளைவே. ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் அடங்கும்.

தீர்வுகளில் முதலிடம் கைக்கே. பாலித்தீன் பையைக் கையுறையாக மாட்டி, மூடியைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, கிண்ணத்தை எடுத்துவிட்டு இழுத்தால் கருங்கயிறு ஒன்று முடிவில்லாமல் வரும். அதில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு, பல்லால் கடித்துத் துப்பிய ஷாம்பு பாக்கெட்டின் மூலை, தேய்ந்த சோப்பின் கடைசிச் சில்லு ஆகியவை அண்மைக்கால வரலாற்றுக்கு உதவுவன. அதைக் குப்பையில் போட வேண்டும். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுபவர் அடைப்பை இடம் மாற்றுகிறார், அவ்வளவே. விளக்குமாற்று ஈர்க்குச்சியால் குத்துவது பரவலான முறை. குச்சி உள்ளே முறிந்து, கருவியே அடைப்பின் அங்கமாகிவிடுகிறது.

கைக்கு எட்டாததற்கு ரப்பர் பம்பு. அதன் விளிம்பு முழுகும் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். வாஷ்பேசின் குழாயும் அதே பொறியில் சேருமானால் பேசின் துளையை ஈரத்துணியால் அடைப்பது அவசியம். இல்லையேல் அழுத்தம் முழுவதும் அந்த வழியே போய்விடும், உழைப்பு உடற்பயிற்சிக் கணக்கில் சேரும்.

வேதிமுறைகளில் காஸ்டிக் சோடா முடியின் கெரட்டின் புரதத்தைக் கரைக்கும். தோலும் புரதமே என்பதால் கையையும் விடாது. கழிவறைக்கு விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முடியை லேசில் அசைக்காது, டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமென்ட்டை அரிக்கும். அத்துடன் பிளீச்சிங் பவுடரையும் சேர்ப்பவருக்குக் குளோரின் வாயு கிடைக்கும். அவர் கதவைத் திறந்துகொண்டு ஓடுவது உத்தமம். சோடா உப்பும் எலுமிச்சையும் பொங்கும் காட்சி அழகானது. ஒன்றையொன்று முறித்துக்கொண்டு முடிந்த பின், முடி இருந்த இடத்திலேயே இருக்கும். கொதிநீர் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும் என்றாலும் பி.வி.சி. குழாயையும் இளக்கும், கை பொறுக்கும் சூடே போதும்.

தடுப்புமுறை ஒன்றே ஒன்று: நுண்துளை வலை போட்டு, குளித்தவரே முடியை எடுத்துப் போடுவது. வலை கடையில் மலிவாகக் கிடைக்கிறது. எடுத்துப் போடும் ஆள் கிடைப்பதில்லை.

யாரும் குளிக்காதபோதே தரைத்தளத்துக் குளியலறையில் தண்ணீர் மேலேறி வந்தால், அடைப்பு வெளியே சேம்பரில் உள்ளது. அது இக்கட்டுரையின் எல்லையைக் கடந்து, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலுக்குள் சென்றுவிடுகிறது.