எலுமிச்சம்பழ விநியோக மீமாம்சை

வைட்டமின் சி என்னும் சத்து மனித தேகத்துக்கு இன்றியமையாதது என்பதில் வைத்தியர்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் அது யாரிடம் போய்ச் சேரவேண்டும் என்ற விஷயத்தில், வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டியில் வழங்கும் சித்தாந்தம் பிற தேசத்தாரின் சித்தாந்தத்தினின்றும் வெகுவாக வேறுபடுவதால், அதனை முறைப்படி விசாரித்துப் பண்டிதர் முன் சமர்ப்பிப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதலில் பிற தேசத்தார் கொள்கை. 1747-இல் சாலிஸ்பரி என்னும் ஆங்கிலக் கப்பலில், இச்சத்துக் குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பத்தியம் கொடுத்துப் பார்த்த ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினர் என்று கண்டார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு யோசித்தபின், 1795-இல் ஆங்கிலக் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்கலாயிற்று. இத்தனை பிரயாசைப்பட்டும் பழத்தை மாலுமிக்குக் கொடுத்தார்களேயன்றி, கப்பலுக்குக் கொடுக்கவேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்குறை தாயில்பட்டியில் நிவர்த்தியாயிற்று. பட்டாசுப் பெட்டிகளை அடுக்கித் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய லாரி, நல்ல நேரம் பார்த்துப் புறப்படும் தருணத்தில், ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "பழம் வச்சிட்டியாடா?" என்று வினவ, "முன் டயரு ரெண்டுக்கும் வச்சாச்சுண்ணே" என்று கிளீனர் விடை பகர, வண்டி நகர்கிறது, சட்டென்ற ஓசையுடன் சாறு தெறித்து மண்ணில் பரவுகிறது. நசுங்கிய தோலை வந்து முகர்வது ஒரு வெள்ளாடு. ஆடோ தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும் பிராணி. அந்தச் சாமர்த்தியத்தை இழந்த சிலவற்றுள் மனிதனும் ஒருவன். அம்மனிதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பாலில்லாத தேநீர் குடிக்கச் சாத்தூர் சாலையில் போய்க்கொண்டிருக்கிறான்.

பழம் பெறுவதற்குரிய இரண்டாவது பாத்திரம் திருஷ்டி. ஹங்கேரி தேசத்து ஆல்பெர்ட் சென்ட்-ஜியார்ஜி இச்சத்தை ஏராளமாகப் பிரித்தெடுத்தது மிளகாய் இனத்துக் காயிலிருந்து. 1937-இல் நோபல் பரிசும் பெற்றார். நம்மவர் அந்த மிளகாயையும் எலுமிச்சையையும் ஒரே கம்பியில் கோத்துக் கடைவாசலில் தொங்கவிட்டு வெயிலில் வற்ற வைக்கிறார்கள். ஆகவே, கண்ணேறுக்கு ஸ்கர்வி காணும் என்ற அச்சம் இவ்வட்டாரத்தில் அறவே இல்லை.

'ஆலைக்குப் போவோர் தூக்குவாளியில் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோகவில்லையா?' என்பது பூர்வபட்சம். கொண்டுபோகிறார்கள், மெய்யே. ஆனால் இச்சத்து நீரில் கரைவது, சூட்டில் அழிவது. தாளிதம் கொதிக்கும் வாணலியிலேயே சாற்றை ஊற்றினால் மிஞ்சுவது புளிப்பும் மஞ்சள் நிறமும். இறக்கி ஆறவிட்டுப் பிழிந்தால் சத்தும் கூடவே மிஞ்சும். கீரையின் மேல் சில சொட்டு பிழிந்தால், அதிலுள்ள இரும்பும் உடம்பில் எளிதாக ஒட்டும்.

இனி சித்தாந்தம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் ஆடவருக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வேண்டும் என்று விதித்தது. நூறு கிராம் எலுமிச்சையில் இருப்பது ஏறக்குறைய 40. கொய்யாவிலோ 200-க்கும் மேல். நெல்லிக்காயில் அதனினும் அதிகம். சத்தில் பின்தங்கிய எலுமிச்சைக்குச் சூலத்தின் முனையும், கல்யாண வீட்டுத் தாம்பாளமும், லாரிச் சக்கரமும் வாய்க்க, கொய்யாவுக்கு வாய்த்தது பள்ளிக்கூட வாசலில் ஒரு சாக்குத் துண்டும், கீறிய இடத்தில் தடவிய மிளகாய்ப்பொடியும் உப்புமே. எனினும், சிறுவர் வயிற்றுக்குள் நாள்தோறும் போய்ச் சேருவது அதுவே. ஒரு கனிக்குக் கௌரவம் ஏற ஏற, அது வாய்க்கு எட்டாது விலகும் என்பது இதனால் பெறப்படும்.

ஆதலின், ஆரோக்கியத்தை விரும்புவோர் கொய்யாவின் மகிமையைப் பற்றி ஸ்தலபுராணம் எதுவும் எழுதாதிருப்பார்களாக. எழுதினால், வருகிற ஆயுத பூஜைக்குள் அதுவும் டயருக்கடியில் போய்விடும்.