நாற்பது - பதினைந்து

ஏற்காட்டில் வீடு இருக்கிறவனுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். சேலத்தில் வெயில் ஏற ஏற, அவர்களும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்துவிடுவார்கள். போன ஞாயிறு வந்தவன் என் மச்சினன். கையில் அரைக் கிலோ காப்பித்தூள். சேர்வராயன் மலையில் காப்பி பயிராகி இருநூறு வருஷம் ஆகிறது. இங்கே கீழேயிருந்து காப்பித்தூள்! கொல்லன் தெருவில் ஊசி. அதிலும் பாதி சிக்கரி.

நான் 'குருதிப்புனல்' போட்டு உட்கார்ந்திருந்தேன். 1995 தீபாவளிக்கு வந்தது, பி.சி.ஸ்ரீராம் இயக்கியது. பாட்டே கிடையாது. 'ரோஜா'வில் எரிகிற கொடியின் மேல் கதாநாயகன் விழுந்தபோது நானும் கைதட்டியவன்தான். இதில் கைதட்ட இடமே இல்லை. எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் உடைகிற இடம் ஒன்று உண்டு, அதுதான் பிரேக்கிங் பாயிண்ட் என்கிறது படம். டென்னிஸிலும் பிரேக் பாயிண்ட் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரு பிரமாதமான கருத்து வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். வருகிறேன்.

திரையில் கமலும் நாசரும் எதிரெதிரே. மூச்சு விடக்கூடாத கட்டம். மச்சினன் வாயைத் திறந்தான்.

"மாமா, ரெண்டு பேர் மூஞ்சியையும் பாருங்க. அப்படியே ஃபெடரர், ஜோகோவிச்."

போச்சு.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், அதனால் விளக்கவில்லை. 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டம், ஐந்தாவது செட், 8-7, ஃபெடரர் சர்வீஸ், 40-15. ஒரே ஒரு பாயிண்ட் எடுத்திருந்தால் போதும். எடுக்கவில்லை. 4 மணி 57 நிமிடம் ஆடித் தோற்றார். அன்றிலிருந்து மச்சினனுக்கு உலகத்தில் வேறு எண்ணே கிடையாது. அண்ணா பூங்கா பக்கம் பலாச்சுளை பொட்டலம் நாற்பது ரூபாய் என்றால் அப்படியே நின்றுவிடுவான். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் 7.40 முதல் 8.15 வரை என்று போட்டிருந்ததைப் பார்த்து, "இந்தக் கல்யாணம் நிலைக்காது" என்றான். அவனுக்கு நாற்பது முடிந்த வருஷம் மகனுக்குப் பதினைந்து; வீட்டில் யாருக்கும் கேக் வெட்டவில்லை. இருபது வளைவு ஏறி, அதே இருபது இறங்கினால் மொத்தம் நாற்பது என்று போன தடவைதான் கண்டுபிடித்தான். பதினைந்தாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டி, ஒரு தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டுத்தான் கிளம்பினானாம்.

சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? நான் 1981 கேஸ். அதே விம்பிள்டன் காலிறுதியில் விஜய் அமிர்தராஜ் ஜிம்மி கானர்ஸைவிட இரண்டு செட் முன்னால் இருந்தார். ஐந்தாவது செட்டில் தோற்றார். 1973-லும் அதே காலிறுதி, கோடெஷிடம் அதே ஐந்து செட். அதற்கும் முன்னால் ராமநாதன் கிருஷ்ணன், 1960, 1961, இரண்டு அரையிறுதி. அவரை வென்ற ஃப்ரேசரும் லேவரும் அந்தந்த வருஷமே கோப்பையும் வாங்கினார்கள். தோற்றாலும் சாம்பியனிடம்தான் தோற்போம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட பரம்பரை நாங்கள்.

இதைச் சொன்னதற்கு அவன் கேட்டான்: "யாரு, ஜேம்ஸ் பாண்ட் படத்துல ஆட்டோ ஓட்டினாரே, அவரா?"

விஜய்தான், ஓட்டினார். 'ஆக்டோபஸி', 1983. டென்னிஸ் மட்டையால் அடியாட்களைச் சாத்தவும் செய்தார். 1974 அமெரிக்க ஓபனில் போர்க்கைச் சாத்தினாரே, அது யாருக்கு ஞாபகம்? இருபது கிராண்ட்ஸ்லாம் வாங்கியவருக்கு அழ ஊரே இருக்கிறது. ஒன்றுகூட வாங்காதவருக்கு இந்த மலையில் நான் ஒருத்தன்தான்.

கத்திவிட்டுத் திரும்பினால், திரையில் கமல் ஏற்கெனவே உடைந்திருந்தார். எந்த நிமிடத்தில் உடைந்தார் என்று பார்க்கவில்லை. பின்னால் ஓட்டிப் பார்க்கலாம் என்று ரிமோட்டைத் தேடினேன். கரண்ட் போய்விட்டது. சன்னலில் பனி. இருட்டில் அவன் குரல்: "மாமா, அந்த ரெண்டாவது பாயிண்ட்ல அவரு நெட்டுக்கு ஏறியிருக்கவே கூடாது."

அடுத்த ஞாயிறும் வருகிறானாம். சேலத்தில் இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து அவனை அடிவாரத்திலேயே நிறுத்துங்கள். மேலே ஒரே வெயில் என்று பொய் சொன்னாலும் பரவாயில்லை. காப்பித்தூளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.