ரெண்டு அரை டிக்கெட்

ஏலே பேராண்டி, இப்படி திண்ணையில வந்து உக்காரு. 'இன்செப்ஷன்'னு ஒரு படத்தப் போட்டு ரெண்டரை மணி நேரம் என்னைய நகர விடல. 2010-ல வந்ததாம், நோலன் எடுத்ததாம், நாலு ஆஸ்கராம். இருக்கட்டும். கனவுக்குள்ள கனவு, அதுக்குள்ள இன்னொண்ணு. நம்பிட்டேன். விமானத்துல ஓசி ஷாம்பெயின மடக்மடக்குன்னு குடிச்சிட்டுப் படுத்த யூசுப்புன்னு ஒருத்தனுக்கு ஒண்ணுக்கு முட்டுது, அதனால அவன் கனவு பூரா மழை கொட்டுது பாரு, அங்கன நோலனுக்குக் கும்பிடு போட்டேன். என் வயசுக்காரனுக்கு அது வெளக்கமே வேண்டாம்.

கணக்கும் சரிதான். ஒரு கனவு எறங்குனா நேரம் இருபது மடங்கு. யூசுப் கனவுல வேன் பாலத்துல இருந்து பாய இன்னும் 10 நொடின்னா, அதுக்குள்ள இருக்குத ஓட்டல் கனவுல 3 நிமிசம், அதுக்கும் உள்ள பனிமலைக் கனவுல ஒரு மணி நேரம். கந்துவட்டிக்காரனே வாயப் பொளப்பான்.

ஆனா வேன் விழுதுல்லா? அதுல தூங்குத ஆர்தர் அந்தரத்துல இருக்கான். அதனால அவன் கனவுல வார ஓட்டலுக்கும் கனம் போயிருச்சி. அங்க தூங்குத அத்தன பேரும் மெதக்காவ. அவுகள வைக்கோல் கட்டு மாதிரி சேத்துக் கட்டி லிப்டுக்குள்ள தள்ளுதான், பாவம். சரி, அந்தக் கட்டுக்குள்ள மெதந்துகிட்டே கெடக்குத ஈம்ஸோட கனவுதானடே அந்தப் பனிமலை? அங்க மட்டும் ஒருத்தன் காலும் தரைய விட்டு எந்திரிக்கலயே! பனி சரிஞ்சி விழுந்ததோட சரி. மாடி ஒழுகி நடுவீடு நனைஞ்சிருச்சாம், கீழ்வீட்டுல புழுதி பறக்குதாம்.

தூக்க மருந்து காதுக்குள்ள இருக்குத நெதானத்தத் தொடாது, சாஞ்சாலே முழிப்பு வந்துரும்னு ஆர்தர நாற்காலியோட தள்ளிவிட்டுக் காட்டுனானுவ. அதே ஆர்தர், வேன் குட்டிக்கரணம் போட்டு உருண்டப்ப சொகமா தூங்குதான். நான் கட்டில் கயிறு நெறிஞ்சாலே முழிச்சிருவேன்.

கனவுல என்னமும் நடக்கும் தாத்தாங்காத. சட்டம் போட்டது நானா? அவனுவதான.

இதெல்லாம் கெடக்கட்டும். எனக்கு ஆறாதது வேற. அமெரிக்காவுல கால் வச்சா கதாநாயகன் காப்பப் போலீஸ் புடிக்கும், பிள்ளைகளப் பாக்கத்தான் இம்புட்டுப் பாடும். மாமனார் பாரிசுல வாத்தியார். அங்க போய் அவரப் பாத்து, பிள்ளைகளுக்குச் சாமான் வேற குடுத்து விடுதான். சாமானக் கொண்டு போற தாத்தா பிள்ளைகளக் கூட்டிட்டு வரமாட்டாரா? இந்தக் கனவு வேலைக்காக விமானக் கம்பெனியையே வெலைக்கு வாங்குன சைட்டோ, ரெண்டு அரை டிக்கெட் எடுத்துக் குடுக்க மாட்டானா?

இதுக்கு, போன பொங்கலுக்கு டிக்கெட் கெடைக்கலன்னு நீ சொன்ன கதையே தேவலடே.