ஆறாவது மாடியில் ஆட்டுப் பட்டி

எங்கள் ஆபீசில் அவருக்குப் பெயர் பண்ணையார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலோடு சரி. நிலம் நீச்சு என்று பார்த்தால் ஆறாவது மாடியில் எழுநூற்றைம்பது சதுர அடி. அதிலும் பாதி இன்னும் பாங்க்கின் பெயரில். பால்கனித் தொட்டியில் இருந்த ஒரே துளசி தண்ணீர் காணாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் பேஸ்புக்குக்குள் போனால் மனிதருக்குக் கொட்டில், லாயம், பட்டி, கோழிக்கூண்டு என்று ஒரு ஜமீனே இருந்தது.

ஃபார்ம்வில் என்ற அந்தப் பண்ணை விளையாட்டு பேஸ்புக்கில் வந்தது 2009 ஜூனில். 2010 தொடக்கத்தில் மாதத்துக்கு 8 கோடிப் பேருக்கு மேல் அதில் உழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள்தான். நாலு மணி நேரத்தில் விளையும் ஸ்ட்ராபெரியைப் போட்டுவிட்டு, நேரத்துக்குப் போய் அறுக்க மறந்து, மறுநாள் வயல் பூராவும் பழுப்பாக வாடிக் கிடப்பதைப் பார்த்து வெறுத்து வெளியேறிய சோம்பேறிக் குடியானவர்கள். பண்ணையார் எங்களை மனிதராகவே மதிக்க மாட்டார். பயிர் வைப்பது அவருக்குக் கைச்செலவுக்கு. மனசு இருந்ததெல்லாம் கால்நடையில். அதிலும் சாதாரணக் கால்நடையில் அல்ல.

அந்த விளையாட்டில் பழுப்புப் பசு சாக்லேட் பால் கறக்கும். ரோஸ் நிறப் பசு ஸ்ட்ராபெரி பால் கறக்கும். ரோஸ் பசு அவரிடம் வந்து சேர்ந்த வாரம் ஆபீசில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கன்று போட்டதற்கு சீம்பால் கொடுப்பதுபோல என்று நினைத்துக்கொண்டோம். இரண்டு மாதம் போயிருக்காது, அக்கவுன்ட்ஸ் பிரிவில் மூன்று பேரிடம் ரோஸ் பசு வந்துவிட்டது. அன்றிலிருந்து பண்ணையார் தன் பசுவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் ஓட்டி நிறுத்திவிட்டார். ஊரில் எல்லாரிடமும் இருக்கிற மாடு ஒரு மாடா?

இந்த வர்க்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இதுதான். இவர்களுக்குப் பிராணி வேண்டியதில்லை. பக்கத்துப் பண்ணையில் இல்லாத பிராணி வேண்டும். நாலு கால், ஒரு வால் என்பதெல்லாம் உபரி.

அப்போதெல்லாம் பேஸ்புக்கில் அடிக்கடி அறிவிப்பு வரும். இன்னார் பண்ணைக்கு வழிதவறி ஒரு பசு வந்து சோகமாக நிற்கிறது, யாராவது அழைத்துப் போய்ப் பராமரிக்க மாட்டீர்களா என்று. அழகில்லாத வாத்துக் குஞ்சு ஒன்று அநாதையாக நிற்பதாகவும் வரும். அது வளர்ந்தால் அன்னம். முந்துபவருக்கே பிராணி. ரிவ்யூ மீட்டிங்கில் மேனேஜர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது பண்ணையாரின் வலது ஆள்காட்டி விரல் மட்டும் மவுஸின் மேல் துடிக்கும். கிளிக் செய்வார். முகம் தொங்கிப்போகும். வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேனேஜரோ தன் கண்டிப்பில்தான் மனிதர் கலங்கிவிட்டார் என்று நினைத்து, “பரவாயில்ல, அடுத்த குவார்ட்டர்ல பாத்துக்கலாம்” என்று தேற்றுவார். பிறகு ஆபீசில் பேஸ்புக்கையே அடைத்துவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டைத் தியாகம் செய்துவிட்டு, எதிர்ச் சாரியிலிருந்த பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துப் பால் கறந்துவிட்டு வந்தார்.

2011இல் ஆட்டுப் பட்டி வந்தது. அதோடு அவரை நாங்கள் இழந்தோம் என்று சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். ஒரு கிடாயையும் ஒரு பெட்டையையும் பட்டிக்குள் சேர்த்து விட்டால் குட்டி பிறக்கும். தாய் தகப்பன் நிறமும் உடம்பிலுள்ள கோலமும் கலந்து குட்டிக்கு வரும். நீலக் கிடாய், மஞ்சள் பெட்டை, புள்ளி, கட்டம், கோடு என்று சேர்த்துச் சேர்த்து உலகத்தில் யாரிடமும் இல்லாத ஓர் ஆட்டை உண்டாக்கலாம். ஒரே சிக்கல், இரண்டும் தாமாகச் சேராது. அதற்கு ஒரு மருந்து தேவை. பெயர் இங்கிலீஷில் அழகாக இருந்தாலும் நம் ஊர்க் கணக்குக்கு அது வசிய மருந்துதான். காசு கொட்டாமல் அது வேண்டுமென்றால் நண்பர்களிடம் கையேந்த வேண்டும்.

பண்ணையார் ரோஷக்காரர். பக்கத்து வீட்டில் ஒரு கிளாஸ் சர்க்கரை வாங்கி வரச் சொன்னால், “நாம என்ன பிச்சையா எடுக்கறோம்?” என்று காப்பியைச் சர்க்கரையில்லாமல் குடிப்பவர். அவர் தன் நட்புப் பட்டியலை அப்படியே தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். ஜெனரல் மேனேஜருக்கும், மனைவியின் சித்தப்பாவுக்கும், பள்ளிக்கூடத் தமிழய்யாவுக்கும் ஒரே நிமிடத்தில் வசிய மருந்து கேட்டு விண்ணப்பம் போனது. தமிழய்யா மறுநாளே போன் பண்ணி, “தம்பி, வீட்டில் எல்லாம் சுமுகம்தானே?” என்று விசாரித்தார். சித்தப்பா விசாரிக்கவில்லை, நேரே ஊரில் போய்ச் சொல்லிவிட்டார். ஜெனரல் மேனேஜர்தான் ஒன்றும் பேசாமல் மருந்தை அனுப்பிவைத்தார். அவரும் ஆடு வளர்க்கிறார் என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வம்சாவளிக்கென்று ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தார். தாய், தகப்பன், பாட்டி நிறம், எத்தனையாவது ஈத்து எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருக்கும். கொழுந்தியாளுக்கு வந்த வரனின் ஜாதகத்தைப் பொருத்தம் பார்த்துவரச் சொல்லி மனைவி கொடுத்திருந்தார். அது மூன்று மாதம் அந்த நோட்டுக்குள்தான் கிடந்தது. “என்னங்க ஆச்சு?” என்று கேட்டதற்குப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, “கோடு வரும், புள்ளி வராது” என்றாராம்.

ஒருநாள் அவர் பண்ணையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆடுகள் வரிசை வரிசையாக, ஒரே திசை பார்த்து, அசையாமல் நின்றன. ஒவ்வொன்றையும் கிளிக் செய்து திருப்பி, நில் என்று உத்தரவு போட்டு நிறுத்தியிருந்தார். நடுவில் வைக்கோல் கட்டுகளை நாலு பக்கமும் நெருக்கி அடுக்கிய ஒரு சின்னச் சதுரம். உள்ளே மேலங்கி போட்ட பொம்மை மனிதன் ஒருவன் நின்றபடி கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“யார் சார் இது? களவாணியா?”

“நான்தான்.”

விளக்கம் கொடுத்தார். விவசாயியை வெளியே விட்டால் ஒவ்வொரு வயலுக்கும் நடந்து போய் அறுப்பான், நேரம் வீண். அடைத்துவிட்டால் நின்ற இடத்திலேயே எல்லா வேலையும் சடசடவென்று முடிந்துவிடும். உலகம் முழுக்கக் கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவைத்த உத்தியாம். பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்தபடி இதை எனக்குச் சொன்னார்.

அவருடைய வாழ்க்கையின் உச்சகட்டம் அந்த வருஷத் தீபாவளிக்கு வந்தது. மாமனார் காங்கயம் பக்கத்துக்காரர். தலைமுறை தலைமுறையாக மாடு பிடித்த கை. மாப்பிள்ளை ஆடு வளர்க்கிறார் என்று சித்தப்பா மூலம் கேள்விப்பட்டு, ஆறாவது மாடியில் எப்படி என்ற ஒரே சந்தேகத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார். பண்ணையார் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மூன்று மாதம் பாடுபட்டு உருவாக்கிய குட்டியைக் காட்டினார். அன்று நானும் பலகாரம் சாப்பிடப் போயிருந்தேன்.

“ஏனுங் மாப்ள, இது கெடாய்ங்களா, பொட்டைங்களா?”

“கெடாய் மாமா.”

“கொம்பக் காணமுங். பல்லு எத்தனைங்?”

பண்ணையார் என்னைப் பார்த்தார். பல்லைப் பார்த்தால்தான் வயசு தெரியும் என்பது அவர் நோட்டில் இல்லை.

“மேச்சேரி ஆட்டுக்கெல்லாம் உடம்புல இத்தனை மயிரு இருக்காதுங். இதென்னமோ மெத்தைக்கு அடைச்ச பஞ்சாட்டம் இருக்குது. நெறம் நெசமாலுமே ஊதாவுங்களா?”

“அதுதான் மாமா அதிசயமே. இந்த ஊதாவுல கட்டம் போட்டது யாருகிட்டயும் கிடையாது.”

பெரியவர் தலையை ஆட்டினார். கிண்டல் ஒன்றுமில்லை, தொழில்காரரின் நிதானம். “எங்க காங்கயத்துக் கன்னு பொறக்கறப்ப செவலையாத்தான் இருக்குமுங். ஆறு மாசம் போனா மயிலையாயிரும். பொறந்த நெறத்த நம்பி அச்சாரம் குடுக்கப்படாதுங் மாப்ள. பொறுத்துப் பாருங்” என்றார். அப்புறம் கேட்டார்: “இத வித்தா என்ன போகுமுங்?”

அங்கேதான் இடறியது. அந்த விளையாட்டில் ஆட்டை இன்னொரு ஆட்டக்காரருக்கு விற்க வழியில்லை. விற்கும் பொத்தானை அழுத்தினால் ஆடு மறையும். கையில் சில்லறைக் காசு விழும். அந்தக் காசும் விளையாட்டுக்குள்தான் செல்லும். இதையெல்லாம் பண்ணையார் மென்று முழுங்கிச் சொல்லி முடித்தார். பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மாப்பிள்ளையின் வலது கையின் மேல் போர்த்தினார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் வெளியே தெரியாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள், பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரம் இரண்டு கைகளும் துண்டுக்குள்ளேயே இருந்தன. பிறகு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பி, “அம்மிணி, காப்பித்தண்ணி இருக்குதா?” என்றார்.

எத்தனை விரல் பிடித்தார் என்று இரண்டு நாள் நச்சரித்துக் கேட்டேன். “ஒண்ணும் பிடிக்கல” என்றார் பண்ணையார்.

அதற்காக விட்டுவிட்டாரா என்றால், இல்லை. நாங்கள் எல்லோரும் விலகியபின்னும் ஒன்பது வருஷம் பட்டியைக் காத்தார். ஊதாவுக்குக் கொள்ளுப் பேரன் பேத்தி வந்தது. விளையாட்டை நடத்திய ஜிங்கா கம்பெனிக்கு அதன் நிறுவனர் மார்க் பிங்கஸ் தம் நாயின் பெயரைத்தான் வைத்தார் என்பதை நான் கேலியாகச் சொன்னபோதுகூட, “நாய் காவல் இருக்கிற பட்டிக்கு என்ன பயம்?” என்று பதில் சொன்னவர் அவர். 2020இல் அறிவிப்பு வந்தது. ஃபார்ம்வில் ஓடியது ஃபிளாஷ் என்ற மென்பொருளின் மேல். அதற்கே ஆயுள் முடிகிறது, டிசம்பர் 31ஆம் தேதியோடு பண்ணை மூடப்படும் என்று. காசு கொடுத்து வாங்குவதெல்லாம் நவம்பர் 17 வரைதான் என்றும் சொல்லிவிட்டார்கள். மனிதர் அதன்பிறகும் இரண்டு ஜோடி சேர்த்தார். குட்டிகள் வளர நேரமிருக்காது என்று அவருக்குத் தெரியாமலில்லை.

கடைசி ராத்திரி வைக்கோல் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாராம். பதினோரு வருஷம் கழித்து வெளியே வந்த அந்தப் பொம்மை ஆள் நேரே எங்கே போனான் தெரியுமா? கொட்டிலுக்குப் பின்னால், ரோஸ் பசுவிடம். பால் கறக்கவேண்டியிருந்ததாம்.

இப்போது டிராகன் வளர்க்கிறார். இரண்டு டிராகனை ஜோடி சேர்த்தால் முட்டை, முட்டைக்குள் எது இருக்கிறதோ அது அதிர்ஷ்டம். மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் போனுக்கும் என்றைக்காவது முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து முட்டை சம்பந்தமாக ஒரு விண்ணப்பம் வரலாம். தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள், சர்க்கரைகூடக் கடன் கேட்காத மனிதர் அவர்.