காசை வாங்கிட்டுத் திருப்பி அனுப்பறவன்

ஏன்டா மாப்ளே, கார் வாங்கி ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள ரேஸ் டிராக்குல ஓட்டிப் பாக்கோணும்னு கெளம்பிட்டியாமா? உங்கம்மா போன்ல மூக்கைச் சிந்தறா. நான் நெம்ப சந்தோசப்பட்டேன். ராத்திரி அவினாசி ரோட்டுல ஓசியில காட்டற வித்தையை இனிமேலு காசு கட்டி, வேலிக்குள்ள, என்னைய மாதிரி கெழடு கட்டைக குறுக்க வராத எடத்துல காட்டப் போற. இதைவிட நல்ல புத்தி ஒரு பையனுக்கு வருமா?

நம்மூர் நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன் ஓட்டப் போனாரு பாரு, இந்தியாவுலயே மொத ஆளா, அன்னையில இருந்து கோயமுத்தூர்ல கார் வெச்சிருக்கறவன் அத்தனை பேரும் அவுருக்குப் பங்காளின்னு நெனப்பு. உனக்கும் இருக்கட்டும். தப்பில்ல.

டிராக் டேன்னா ரேஸ் இல்லைங்கறது எனக்கும் தெரியும்டா. ஒருத்தன் ஒரு நாளைக்கு டிராக்கை வாடகைக்கு எடுக்கறான். தலைக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிட்டு உங்கவுங்க வண்டியிலயே உங்களை ஓட்ட விடறான். நமக்குச் செட்டிப்பாளையத்துல கரி ஸ்பீட்வே இருக்குது. மாருதி இன்ஜினைப் போட்டு, கட்டுபடியாகற வெலையில ரேஸ் காரு செஞ்சு ஓட்டக் குடுத்தாரே கரிவரதன், 1995ல சின்ன பிளேன் விழுந்து செத்தாரு, அவுரு பேருதான் அது. 2003ல தொறந்தாங்க. மெட்ராஸ் பக்கம்னா இருங்காட்டுக்கோட்டை. டிராக்கு கொஞ்சம்தான். அதை வாடகைக்கு எடுத்துக் கடை போடறவன் பல பேரு. யாருகிட்டப் பணம் கட்டறதுங்கறதுதானே உன் ரோசனை? சொல்றேன் கேட்டுக்க.

மொதல்ல அவன் வீடியோவைப் பாரு. தலைக்கு மேல ட்ரோன் பறக்குதா? பாட்டு அதிருதா? புகை கெளம்பறாப்புல நாலு காரு வளைவுல திரும்புதா? அப்பறம் டீ சர்ட்டு குடுப்பானா, மத்தியானம் பிரியாணியா சாம்பார் சாதமான்னு விசாரி. கழுத்துல தொங்க விடற அட்டை உண்டான்னும் கேட்டுக்க, ஆபீஸ்ல காட்டோணும்ல. போட்டோகிராபர் ரெண்டு பேரு, ஆம்புலன்ஸ் ஒண்ணுன்னா இன்னும் விசேசம். அடிபட்டாலும் ரெண்டு கோணத்துல படம் இருக்கும்.

இதெல்லாம் பாத்து மனசு நெறைஞ்சதுக்கப்பறம் அவனுக்கு ஒரு போன் போடு. போட்டு, 'ஏனுங்க, போன தடவை எத்தனை பேரைத் திருப்பி அனுப்புனீங்க?'ன்னு கேளு. அவ்வளவுதான். 'அப்படியெல்லாம் யாரையும் அனுப்பறதில்லீங்க சார், வந்தவங்க எல்லாரும் என்ஜாய் பண்ணிட்டுத்தான் போவாங்க'ன்னு தேன் ஒழுகப் பேசுனான்னா போனை வெச்சுரு. 'ஒருத்தரு டயர் கம்பி தெரிஞ்சுது, இன்னொருத்தரு கொடியைப் பாத்தும் நிக்கல, ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டோம், காசும் திருப்பித் தரல'ன்னு சலிச்சுக்கிட்டே சொன்னான்னா, அங்க கொஞ்சம் சரக்கு இருக்குதுன்னு அர்த்தம்.

நான் ரேக்ளா பாத்து வளந்தவன். எரநூறு மீட்டரு, முந்நூறு மீட்டருன்னு கடியாரம் வெச்சு ஓட்டற பந்தயம். நல்ல கமிட்டின்னா மாட்டைப் பூட்டறதுக்கு முன்னாலயே பல்லையும் கொளம்பையும் பாத்துப்போட்டு, தலைவரு ஊட்டு மாடா இருந்தாலும் ஓட்டிட்டுப் போங்கன்னுருவாங்க. காருக்கும் அந்தக் கமிட்டிதான் வேணும்.

காலையில காரைச் சோதிக்கறதை ஸ்க்ரூட்டினிங்கறாங்க. அதை எப்படிப் பண்ணறான்னு நின்னு பாரு. சில எடத்துல ஒருத்தன் வருவான், பானெட்டைத் தூக்குவான், கும்பிடறாப்புல ஒரு பார்வை பாப்பான், கண்ணாடியில ஸ்டிக்கரை ஒட்டிட்டு அடுத்த வண்டிக்குப் போயிருவான். உம்பட காரு கழுவி இருக்குதான்னு பாத்தான், அம்புட்டுதான். வெவரமானவன் பண்ணற சோலியே வேற. பேட்டரியை ரெண்டு கையாலயும் புடிச்சு ஆட்டுவான். வீல் நட்டைத் தன் ஸ்பேனராலயே மறுக்கா முறுக்கிப் பாப்பான். பிரேக்கை மிதிச்சு, அப்படியே அழுத்திப் புடிச்சு, பெடல் மெல்ல எறங்குதான்னு பாப்பான். அப்பறம் குனிஞ்சு சீட்டுக்கு அடியில கையை உட்டு நீ மறந்துபோன தண்ணி பாட்டிலை உருவி எடுப்பான். உனக்குக் கோவம் வரும். அந்த பாட்டில் வளைவுல உருண்டு வந்து பிரேக் பெடலுக்குப் பொறகால உக்காந்துச்சுன்னா, நீ மிதிக்கறது பாட்டிலைத்தான்டா. கால் விரிப்பையும் டிக்கியில ஸ்டெப்னியையும் கழட்டி வெளிய வைன்னுவான். டேஷ்போர்டுல ஒட்டி வெச்சிருக்கற புள்ளையாரையும் எறக்கச் சொல்லுவான். கன்னத்துல போட்டுக்கிட்டு எறக்கிரு.

'வண்டியைக் கட்டி இழுக்கற கொக்கி எங்கீங்க?'ன்னு ஒரு கேள்வி கேப்பான் பாரு, பாதிப் பேரு அங்கயே முழிப்பாங்க. அது டிக்கியில ஜாக்கியோட கெடக்கும். பம்பர்ல இருக்கற சின்ன மூடியைத் தொறந்து மொதல்லயே திருகி வெச்சுரோணும். மண்ணுல எறங்கி நிக்கற காரை டிராக்டரு வந்து இழுக்கறப்ப தேடிக்கிட்டு நிக்கக் கூடாது. நெசமாவே இழுக்க வண்டி வெச்சிருக்கறவன்தான் இதைக் கேப்பான்.

பிரேக் ஆயிலு எப்ப மாத்துனேன்னு கேட்டான்னா அவன் கையைப் புடிச்சுக்க. அந்த ஆயிலு காத்துல இருக்கற ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். டாட் 4ன்னு போட்டிருக்குதே, அது புதுசுல கொறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு சட்டம். ஈரம் ஏறுனதுக்கப்பறம் 155 தாங்குனாப் போதும்ங்கறான். நம்ம ரோட்டுல ஒக்கடம் போயிட்டு வரதுக்கு அது எச்சு. டிராக்குல நேரா வந்து அமுக்கி, திரும்பி, மறுபடி வந்து அமுக்கின்னு நாலஞ்சு சுத்து வந்தா ஆயிலு கொதிச்சு ஆவியாகும். ஆவி அமுங்கும், ஆயிலு அமுங்காது. பெடல் தரையில போய் ஒக்காந்துக்கும், காரு நிக்காது. சர்வீஸ் சென்டர்ல 'அதெல்லாம் இன்னும் ரெண்டு வருசம் வரும் சார்'ன்னுருப்பான். அவன் பொய் சொல்லல. நீ எங்க போறேன்னு அவனுக்குத் தெரியாது.

சரி, காரு பாஸாயிருச்சு. அடுத்தது கணக்கு. நீ இன்ஜினியரிங் படிச்ச புள்ள, போடு பாக்கலாம். செட்டிப்பாளையம் டிராக்கு ஒரு சுத்து 2.1 கிலோமீட்டரு. ஒரு குரூப்புக்கு இருபது காரு உட்டான்னா ஒவ்வொருத்தனுக்கும் 105 மீட்டரு பங்கு. 150ல போற காரு ஒரு செகண்டுல நாப்பத்திரெண்டு மீட்டரு தாண்டும். அப்ப உனக்கும் முன்னால போறவனுக்கும் நடுவுல ரெண்டரை செகண்டு. அதுவும் எல்லாரும் ஒரே வேகத்துல வரிசை பிசகாமப் போனா. எவன் போறான்? ஒருத்தன் ஜெர்மன் காரு, ஒருத்தன் அப்பாவோட டீசல் காரு. அதனால எத்தனை காரு ஒரே சமயத்துல, வேகத்துக்குத் தகுந்தாப்புல பிரிச்சு உடறானா, புதுசா வரவனைத் தனியா வெக்கறானான்னு கேட்டுக்க. பைக்கையும் காரையும் ஒண்ணா உடறேன்னு சொல்றவனுக்குக் கும்பிடு போட்டுட்டு வந்துரு. கட்டற காசை, டிராக்குக்குள்ள ஓட்டற நிமிசத்தால வகுத்தும் பாரு. காலையில இருந்து பொழுதோட வரைக்கும்ங்கறான், பதினஞ்சு நிமிசமா நாலு தடவை உட்டா மொத்தமே ஒரு மணி நேரம். அதுலயும் எவனாச்சும் மண்ணுல எறங்குனான்னா பாதி போயிரும். சல்லிசா இருக்குதேன்னு போயி, ஒரு நிமிசத்துக்கு எச்சாக் குடுத்துட்டு வந்தவன் நெம்பப் பேரு.

ஓட்டறதுக்கு முன்னால பேச்சு ஒண்ணு நடக்கும். அதுக்கு வராதவனை டிராக்குக்குள்ள உடாத ஆளாப் பாரு. கொடியெல்லாம் அங்கதான் சொல்லுவான். மஞ்சக்கொடி ஆட்டுனா முன்னால எவனோ மாட்டிக்கிட்டு நிக்கறான், வேகத்தைக் கொறை, முந்தாத. செகப்புன்னா எல்லாரும் மெதுவா பிட்டுக்கு, அதான் வண்டி நிறுத்தற எடத்துக்கு, வந்துரோணும். நீலம்னா பொறகால வேகமான வண்டி வருது. மஞ்சளும் செகப்பும் கோடு போட்டிருந்தா ஆயிலு கொட்டி வழுக்குது. கறுப்பு, உன்னையவே கூப்படறான், வந்து பேச்சு வாங்கிக்க. மாரியம்மன் நோம்பி தோரணம்னு நெனைச்சுக்கிட்டு நீ பாட்டுக்குப் போகக் கூடாது. எந்தெந்த வளைவுல கொடிக்காரன் நிக்கறான்னு காமிச்சுக் குடுக்கறானா, இல்ல ஒரு அட்டையில படத்தைப் போட்டு வாட்ஸ்அப்புல அனுப்பிட்டு முடிச்சுக்கறானா, அதுல தெரியும் அவன் லட்சணம். கொடிக்காரன்கிட்டயே போயிப் பேசு. பழகுன ஆளா, நேத்துச் சம்பளம் பேசிக் கூட்டிட்டு வந்த பையனான்னு ரெண்டு வார்த்தையில தெரிஞ்சுரும்.

முந்தறதுக்கும் சட்டம் வேணும். நேர் ரோட்டுல மட்டும்தான், முன்னால போறவன் கையைக் காட்டி வழி உட்டாத்தான், வளைவுக்குள்ள மூக்கை நொழைக்கக் கூடாது. 'எல்லாரும் அனுபவசாலிங்க சார், அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க'ன்னு ஒருத்தன் சொன்னா, அந்த அனுபவசாலியில உன்னையும் சேத்துத்தான் சொல்றான். யோசிச்சுக்க.

ஆம்புலன்ஸ் நிக்குதான்னு எல்லாரும் கேப்பாங்க. நீ வேற கேளு. ஒரே ஆம்புலன்ஸ், காலையில எவனோ ஒருத்தன் தோளை ஒடிச்சுக்கிட்டான், வண்டி அவனைத் தூக்கிட்டு டவுனுக்குப் போயிருச்சு. அது திரும்பி வர வரைக்கும் டிராக்கு ஓடுமா நிக்குமா? நிறுத்திருவோம்னு யோசிக்காமச் சொல்றவன்கிட்டக் காசு கட்டு. 'அப்படியெல்லாம் ஆகாதுங்க, வாயைக் கழுவுங்க'ன்னு சொல்றவன் சாமிகிட்டக் குத்தகைக்கு எடுத்திருக்கான், டிராக்குக்காரங்ககிட்ட இல்ல.

2011ல நொய்டா பக்கத்துல ஃபார்முலா ஒன் நடத்துனாங்களே, உலகத்துப் பணமெல்லாம் கொட்டி, அங்கயே மொத நாளு ஒரு தெருநாய் உள்ள வந்து பிராக்டீஸையே நிறுத்திருச்சு. அவங்களுக்கே அப்படி. உன் ஆளுகிட்ட வேலி எப்படீன்னு கேட்டா என்ன தப்பு?

இன்சூரன்சுக்கு வா. உன் பாலிசியை எடுத்துப் படி, எவனும் படிக்கறதில்ல. ஏற்பாடு பண்ணி நடத்தற ரேஸு, வேகச் சோதனை, இதுக்கெல்லாம் வண்டியை ஓட்டுனா காசு கெடையாதுன்னு அதுல போட்டிருக்கும். 'இது ரேஸே இல்லீங்க சார்'ன்னு ஆர்கனைசரு சொல்லுவான். அவன் சொல்லி என்ன, கம்பெனிக்காரன் எழுதிக் குடுப்பானா? சில பேரு இன்னும் பாசமா, 'ரோட்டுல இடிச்சதாச் சொல்லிக்கலாம்'னு கண்ணடிப்பான். கம்பெனியையே ஏமாத்தச் சொல்லிக் குடுக்கறவன், உன்னைய மட்டும் உட்டு வெப்பானா? கையெழுத்து வாங்கற காகிதத்தையும் ஊட்டுலயே வாங்கிப் படிச்சுக்க. கேட்டுல அவசரத்துல நீட்டுனா எல்லாப் பழியும் உம்மேலதான் இருக்கும். தடுப்பை இடிச்சா யாரு குடுக்கறதுன்னும் அதுல பாத்துக்க. ஜெர்மனியில நூர்பர்க்ரிங்குன்னு 20.8 கிலோமீட்டரு டிராக்கு, பொதுஜனம் காசு கட்டி ஓட்டலாம். கம்பியை நசுக்குனா கம்பிக்கும் பில்லு, இழுத்துட்டு வந்த வண்டிக்கும் பில்லு. வெள்ளைக்காரன் கணக்கு வழக்குல கறாரு.

மழை பேஞ்சா பணம் என்னாகும், நாளு தள்ளிப் போனா என்னாகும், அதெல்லாம் எழுத்துல வாங்கிக்க. சொல்றதுக்கு ஒண்ணுமில்ல அதுல.

ஓட்டி முடிச்சு வரப்ப கடைசிச் சுத்து மெதுவா வந்து வண்டியை ஆற உடு. நிறுத்துனதும் பழக்கதோசத்துல ஹேண்ட் பிரேக்கைப் போடாத. டிஸ்க்கு கொதிச்சுக் கெடக்கும், பேடு அதுமேல அமுங்கியே நின்னுச்சுன்னா கெட்டுப் போயிரும். கியர்ல போட்டு, டயருக்குக் கல்லு வெச்சுக்க. பிட்டுல ஒருத்தன் நின்னுக்கிட்டு ஒவ்வொரு காருக்கா 'ஹேண்ட் பிரேக் போடாதீங்க, போடாதீங்க'ன்னு தொண்டை கட்டக் கத்தறானா, அந்த ஆர்கனைசரு கடையில நான் கண்ணை மூடிக்கிட்டு அக்கவுண்டு வெப்பேன்.

அப்பறம் இன்னொண்ணு, உங்கம்மாகிட்டச் சொல்லாத. பக்கத்து சீட்டுல ஆளு ஏத்தலாமான்னு கேட்டு வெய்யி. ஹெல்மெட்டு என் மண்டைக்குப் பெருசுதான் வேணும். எழுவத்தி மூணு வயசு, சக்கரை இருக்குது, கண்ணுல ஆபரேசன் பண்ணியிருக்குதுன்னு உள்ளதை உள்ளபடியே சொல்லு. 'கூட்டிட்டு வாங்க சார், தாத்தாவுக்கும் ஒரு டீ சர்ட்டு தரோம்'னான்னா அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத. 'ஆகவே ஆகாதுங்க'ன்னு மூஞ்சியில அடிச்சாப்புலச் சொன்னான்னா, பேரம் பேசாம அங்கயே பணத்தைக் கட்டிரு.